சில்லறை கொடுத்த காளி: நம்ம தெருக்களில் தானாக வாய்த்த படங்கள்

திருநெல்வேலி டவுண்

நம்ம பக்கத்துத் தெருக்களில் எதேச்சையாகக் கிடைத்த புகைப்படங்களைப் பற்றி எழுதலாமே என்று ஆரம்பிக்கிறேன். படம் நன்றாக வந்ததா இல்லையா என்பது அப்புறம். அந்த நேரம் எப்படி வாய்த்தது என்று சொல்லுங்கள். எடுக்காமல் விட்டதையும் எழுதலாம். முதலில் என்னுடையது.

புரட்டாசி மாதம். குலசை தசராவுக்கு (குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் திருவிழா) கொடியேறி நாலைந்து நாள் ஆகியிருக்கும். திருச்செந்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஒரு வேஷக்காரராவது இருப்பார்: குரங்கு, குறத்தி, போலீஸ், ராஜா, ஏதாவது ஒன்று. நேர்ந்துகொண்டு வேஷம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து, சேர்ந்ததை முத்தாரம்மன் உண்டியலில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அதில் காளி வேஷத்துக்கு விரதம் கடுமை. 41 நாள், 48 நாள் என்று இருப்பவர்கள் உண்டு.

செய்துங்கநல்லூரில் ஒரு காளி ஏறினார். முதுகில் கட்டியிருந்த மரக் கைகள் படிக்கட்டில் இடிக்கவே, பக்கவாட்டில் திரும்பி மெதுவாக உள்ளே வந்தார். எனக்கு எதிர் வரிசையில் இடம் கிடைத்தது. கிரீடத்தைக் கழற்றி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, காணிக்கைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். தட்டு நிறையப் பத்து ரூபாய் நாணயம்.

கண்டக்டர் அன்றைக்குச் சில்லறைக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஐந்நூறாக நீட்ட, பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டே வந்தவர், காளியின் தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சாமி, ஐந்நூறுக்குச் சில்லறை கிடைக்குமா?"

காளி யோசித்தார். வாயிலிருந்த கோரைப்பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மனுக்கு உள்ளதுல்லா. எண்ணித்தான் தருவேன்" என்றார்.

கண்டக்டர் பையை விரித்துப் பிடித்தார். நீலம் பூசிய விரல்கள் ஐந்தைந்தாக எண்ணிப் போட்டன. முப்பதோ முப்பத்தைந்தோ வந்தபோது பஸ் ஒரு வேகத்தடையில் குலுங்கியது, கணக்கு விட்டுப்போனது. பையில் போட்டதையெல்லாம் திரும்பத் தட்டில் கொட்டி, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். கண்டக்டரும் வாய்விட்டுக் கூடவே எண்ணினார். முன் சீட்டுக் குழந்தையும் எண்ணியது. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

கேமராவை இறக்கியதும் காளி என்னைப் பார்த்தார். கோபமா, என்ன என்று அந்த மை தீட்டிய கண்ணில் தெரியவில்லை. "காட்டும் பாப்போம்" என்றார். எழுந்துபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டு, திரையில் விரலை வைத்தார். "மேல் கையைப் பாத்தீரா, வே?"

அதுவரை எனக்குத் தெரியவில்லை. முதுகில் இருந்த மரக் கைகளில் ஒன்று விரல் விரித்த அபயக் கை. பணத்தை எண்ணக் குனிந்ததில் அது கண்டக்டரின் தலைக்கு நேர் மேலே வந்து, அவருக்கு ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தது. நான் எடுக்க நினைத்தது நாணயத்தை எண்ணும் விரல்களை மட்டும்தான்.

அன்றிலிருந்து, முடிந்தவரை எடுத்ததும் அவர்களிடம் காட்டிவிடுகிறேன். நான் பார்க்காததை அவர்கள் பார்க்கிறார்கள்.

பாளையங்கோட்டை

தம்பி, அபயக் கை என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம். நான் ஃபிலிம் காலத்து ஆள், ஸ்டூடியோ வைத்திருந்தவன். எடுக்காமல் விட்டதையும் சொல்லலாம் என்றீர்களே, அதனால் எழுதுகிறேன்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர். சுவாமி தேர் வாகையடி முக்கில் நின்றுவிட்டது. இழுத்தவர்கள் எல்லாரும் மோருக்கும் நிழலுக்கும் ஒதுங்கிவிட, வடம் தெருவில் நீளமாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு செவலை நாய் தலையை வைத்து நல்ல உறக்கம். ஒரு ஆச்சி வந்தார். வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து அதே கையால் நாயின் தலையைத் தொட்டு, அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். நாய் கண்ணே திறக்கவில்லை.

கேமராவைத் தூக்கி அழுத்தினேன். அசையவில்லை. ரோலில் 36 படமும் முடிந்திருந்தது. ரோல் மாற்றி நிமிர்வதற்குள் மேளம் கிளம்பிவிட்டது. ஒருவர் நாயை எழுப்ப மனசில்லாமல் வடத்தை மெல்ல உருவினார், நாயின் தலை ரோட்டுக்கு வழுக்கி இறங்கியது, உறக்கம் கலையவில்லை. அதையும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு 30 ஆனதுமே ரோலை மாற்றிவிடுவேன். ஆறு படம் வீணாகட்டும்.

பேர்பெற்ற ஃபிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் திருவண்ணாமலைக்கு வந்திருந்தார், தெரியுமா? ரமணரைக் கடைசி நாட்களில் படமெடுத்தவர் அவர். 1950 ஏப்ரல் 14 இரவு, 8.47 மணிக்கு, ஒரு நட்சத்திரம் வானத்தில் மெதுவாக நகர்ந்து அருணாசல மலைக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்தார். ரமணர் போன நேரம் அது. அவர் அதைச் சொல்லித்தான் வைத்தார், படமாக எடுக்கவில்லை. அவருக்கே அப்படி என்றால் என் செவலை நாய்க்காக நான் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று சில சமயம் தோன்றும். ஆனாலும் வருத்தம்தான்.

புதிதாக எடுக்கிறவர்களுக்கு ஒன்று. ஆட்டோ ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே காரியம் முடிந்துவிடும். 35 எம்.எம். லென்ஸின் துவாரத்தை எஃப் 8இல் வைத்து, மூன்று மீட்டரில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். ஃபுல் ஃப்ரேம் (35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் ஏறக்குறைய இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாக இருக்கும். உச்சி வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 200, ஷட்டர் வேகம் 1/800 வினாடி. பிறகு கையைத் தொடாமல் கண்ணை மட்டும் வேலை செய்ய விடுங்கள். ரத வீதியில் எங்கேயும் அலைய வேண்டாம், ஒரு முக்கில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

கூந்தன்குளம் பக்கம்

எங்கள் ஊர்ப் பக்கம் வர்ண நாரைகள் தெருவுக்குள் இருக்கிற மரங்களிலேயே கூடு கட்டும். குஞ்சு தவறிக் கீழே விழுந்தால் ஊர்க்காரர்கள் எடுத்து வளர்ப்பார்கள். அப்படி ஒன்று, இன்னும் பறக்கத் தெரியாதது, பள்ளிக்கூடம் போகிற பையன் பின்னாலேயே போனது. பையனுக்குப் பை கனம், முழங்காலை மடக்காமல் முன்பக்கம் சாய்ந்து நடந்தான். நாரைக் குஞ்சும் அதே சாய்வு, அதே எட்டு.

நின்றபடி எடுத்த நான்கு படத்திலும் பையன் பெரிதாக, குஞ்சு சின்னதாக வந்தது. நாய்களைப் படமெடுத்தே பெயர் வாங்கிய எலியட் எர்விட் நினைவுக்கு வந்தார். நாயின் உயரத்துக்கு இறங்கி எடுத்த படங்கள் அவருடையவை. சரி என்று தரையில் படுத்து எடுத்தேன். ஐந்தாவதில் இரண்டு பேரும் ஒரே உயரம்.

அம்பாசமுத்திரம்

நான் எழுதப்போவது சிரிப்பான விஷயம் இல்லை. ஆனால் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஒரு காய்கறி மார்க்கெட்டில் மத்தியான நேரம். பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். கன்னம் தராசுத் தட்டில். மறு தட்டில் இரண்டு கத்தரிக்காய். தன் தலையைத் தானே எடை போடுகிற மாதிரி இருந்தது. எடுத்தேன், பகிர்ந்தேன். அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் அவர் மகள் எனக்கு எழுதினாள். "அக்கா, அப்பா முந்தின ராத்திரி முழுக்க அம்மாகூட ஆஸ்பத்திரியில இருந்தாங்க. விடியக்காலைல நேரா கடைக்கு வந்துட்டாங்க. தெருவுல எல்லாரும் அதைக் காட்டிக் கேக்காங்க." அவ்வளவுதான், திட்டவில்லை. உடனே படத்தை நீக்கிவிட்டேன். நீக்கிவிட்டால் போய்விடுமா, நூறு பேர் கையில் இருந்தது.

டவுண் அண்ணாச்சி சொன்ன "காட்டிவிடுவது" என் விஷயத்தில் நடக்கவே முடியாது, ஏனென்றால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் இப்போது தூங்குகிறவர்களை எடுப்பதில்லை. அழகான படம் போகும், தெரிந்தேதான் விடுகிறேன். பிறகு மார்க்கெட்டுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தாயி" என்று இரண்டு கத்தரிக்காயை எடுத்துக் கையில் கொடுத்தார். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

திருநெல்வேலி டவுண்

அம்பை தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு அந்தக் காளி படத்தைக் கையில் கொடுக்காமல் விட்டது உறுத்தியது. ஒன்பதுக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டுக்கொண்டு செய்துங்கநல்லூருக்குப் போனேன். பஸ் நிறுத்தத்தில் விசாரித்தால், "காளியா? எந்தக் காளி? இங்கே அஞ்சாறு பேர் கட்டுவாங்க" என்றார்கள். டீக்கடை, பஞ்சர் கடை, ரேஷன் கடை வாசல் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டு போனேன். இதே பஞ்சர் கடையில் முதல் தடவை கேட்டபோது, டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அவரே கூப்பிட்டார். "யாரை அண்ணாச்சி தேடுதிய?" மெலிந்த ஆள், முன் நெற்றியில் வழுக்கை, கையெல்லாம் ரப்பர் பசை. உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பசை படாமல் இரண்டு ஓரத்தில் பிடித்து வாங்கினார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் ஆளைத் தெரிந்தது.

"கண்டக்டருக்கு ஒண்ணு போட்டாச்சா?" என்று கேட்டார். இல்லை. அந்த ரூட்டில்தான் இன்னும் ஓடுகிறாராம். நாளைக்குக் காலையில் போகிறேன்.