பள்ளியில் துப்பாக்கியைத் தூக்கும் ஒரு பிள்ளை எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்கிறான்?

குடமுருட்டி:

அனைவருக்கும் வணக்கம். பாபநாசம் வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினாறு ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் பிளஸ் ஒன் வகுப்பில், அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "பதினஞ்சு வயசுப் பையனுக்கு எப்படி சார் மனசு வரும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், எவரிடமும் அதிகம் பேசாத கடைசி வரிசை மாணவன் ஒருவன், "அவன எத்தன நாளா என்ன பண்ணி வச்சிருந்தாங்களோ" என்று முணுமுணுத்தான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் அவனுக்கு மறுமொழியும் சொல்லாமல் பாடத்துக்குப் போய்விட்டேன். அது இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது.

விடியோ கேம், அந்த நாட்டுத் துப்பாக்கிப் பழக்கம், வளர்ப்பு சரியில்லை, பையனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். அவை ஒவ்வொன்றும் பேச்சை முடித்து வைக்கத்தான் உதவுகின்றனவே தவிர, எனக்கு எதையும் விளங்க வைக்கவில்லை. ஒரு வளரிளம் பருவத்துப் பிள்ளை இந்த முடிவுக்கு எந்த வழியாக வந்து சேர்கிறான் என்பதைப் படித்தறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அந்த வழியை விளக்க முயல்வதே கொலையை நியாயப்படுத்துவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கமும் எனக்கு உண்டு.

வெண்ணாறு:

ஐயா, நான் தஞ்சாவூரில் வளரிளம் பருவத்தினருக்கான உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு அளிக்கும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பும் அமெரிக்கக் கல்வித் துறையும் இணைந்து, 1974 முதல் 2000 வரை அந்நாட்டில் நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும் அவற்றைச் செய்த 41 பேரையும் ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. இப்படிச் செய்யக்கூடிய பிள்ளை இன்ன சாயலில் இருப்பான் என்று அடையாளம் சொல்ல அந்த ஆய்வால் முடியவில்லை. அவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள், தேர்வில் தோற்றவர்களும் இருந்தார்கள்; தனித்திருந்தவர்களும் இருந்தார்கள், நண்பர் கூட்டத்தோடு திரிந்தவர்களும் இருந்தார்கள்.

சாயல் கிடைக்காவிட்டாலும் வழி ஓரளவு தெரிந்தது. பெரும்பாலோர் திடீர் ஆத்திரத்தில் செய்தவர்கள் அல்லர்; நாள்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், எண்ணிப் பார்த்துத் திட்டமிட்டவர்கள். 41 பேரில் 71 விழுக்காட்டினர் பிறரால் துன்புறுத்தப்பட்டவர்களாகவோ காயப்படுத்தப்பட்டவர்களாகவோ தங்களை உணர்ந்திருந்தார்கள். 78 விழுக்காட்டினர் முன்பே தற்கொலையை எண்ணியவர்கள் அல்லது முயன்றவர்கள். பிறரைக் கொல்ல வந்தவர்களில் மிகப் பலர் முதலில் தம் உயிரையே வெறுத்தவர்கள் என்ற இந்தச் செய்திதான் என் பார்வையை மாற்றியது. விடியோ கேமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வன்முறை விளையாட்டுகளில் ஈடுபாடு காட்டியவர்கள் 12 விழுக்காட்டினரே.

81 விழுக்காட்டு நிகழ்வுகளில், குறைந்தது ஒருவருக்காவது அந்தப் பிள்ளையின் எண்ணமோ திட்டமோ முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெரும்பாலும் தெரிந்தவர்கள் நண்பர்கள், வகுப்புத் தோழர்கள், உடன்பிறந்தவர்கள். பெரியவர்களின் காதுக்கு அது அரிதாகவே வந்தது. இதைத் துறையில் 'கசிவு' என்கிறோம். மதகு உடையும் முன் கரையில் ஈரம் காட்டுவதைப் போன்றது அது. நம் ஊரில் ஆற்றங்கரைக் காவலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் பள்ளியில் 1999 ஏப்ரல் 20 அன்று 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களால் கொல்லப்பட்டார்கள். அவ்விருவரின் பெயர்களை எழுத மாட்டேன். பின்னால் வந்த பலர் அந்தப் பெயர்களைத் தேடிப் படித்து, அந்த நாளையே தங்களுக்கு முன்மாதிரியாக்கிக் கொண்டார்கள். கேலி தாங்காத இரு தனியர்கள் பழிவாங்கினார்கள் என்று அப்போது உலகம் முழுக்கச் செய்தி பரவியது. பின்னர் அவர்கள் எழுதி வைத்திருந்தவை வெளிவந்தபோது அப்படம் கலைந்தது. ஒருவனுடைய எழுத்தில் நிறைந்திருந்தது பிறர்மீதான வெறுப்பும் தன்னைப் பற்றிய பெருமிதமும். மற்றவனுடைய குறிப்பேட்டில் இருந்ததோ ஆழ்ந்த மனச்சோர்வும் சாக வேண்டும் என்ற ஏக்கமும். ஓராண்டுக்கு முன்பே அவர்களில் ஒருவனுடைய இணையப் பக்கத்து மிரட்டல்களைப் பற்றி ஒரு குடும்பம் காவல் துறையிடம் புகார் செய்திருந்தது. வீட்டைச் சோதனையிட ஆணை கோரும் மனுகூட எழுதப்பட்டு, நீதிபதியிடம் போகாமலே கிடந்தது. ஒரே நாளில் ஒரே இடத்தில் குற்றம் புரிந்த இருவருக்குள்ளேயே காரணம் இவ்வளவு வேறுபட்டால், எல்லோருக்கும் பொதுவான ஒரு காரணத்தைத் தேடுவது எவ்வளவு வீண் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வீரசோழன் கரை:

ஐயா, எனக்குச் சொந்த ஊர் குத்தாலம். பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓக்லாந்து கவுண்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) வசிக்கிறேன். 2021 நவம்பர் 30 அன்று எங்கள் கவுண்ட்டியின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். என் மகள் அப்போது வேறொரு பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருந்தாள். ஆகவே இது எனக்குச் செய்தித்தாள் செய்தி அன்று.

அன்று காலையிலேயே அவன் தன் கணக்குத் தாளில் துப்பாக்கியையும் குண்டடிபட்ட ஓர் உருவத்தையும் வரைந்து, 'எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள்' என்ற பொருளில் எழுதி வைத்திருந்தான். ஆசிரியை அதைப் பார்த்தார். பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்பட்டார்கள். அவனுக்கு விரைவில் மனநல ஆலோசனை வேண்டும் என்று பள்ளி சொன்னது. பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை; பள்ளியும் அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டது. அவனுடைய பையை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நான்கு நாட்களுக்கு முன் தந்தை வாங்கிய கைத்துப்பாக்கி அதற்குள் இருந்தது. அந்த ஓர் அறையில் அத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருந்தும், பையைக் காட்டு என்று ஒருவர் வாயிலும் வரவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

தனக்கு எந்த உதவியும் கிடைக்கவில்லை என்று அவன் குறிப்பேட்டில் எழுதியிருந்தது பின்னர் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2024-இல் தாயும் தந்தையும் தனித்தனி விசாரணையில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, ஒவ்வொருவருக்கும் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை கிடைத்தது. பிள்ளை நடத்திய பள்ளித் தாக்குதலுக்காக அமெரிக்காவில் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. சிறார் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டு மிச்சிகனில் நடைமுறைக்கு வந்தது. மகளின் நண்பர்கள் வீட்டுக்கு அவளை அனுப்பும் முன், "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அரசலாறு:

மேலே எழுதியவர்கள்மீது மதிப்பு வைத்தே மறுக்கிறேன். துன்புறுத்தப்பட்ட பிள்ளை, உதவி கிடைக்காத பிள்ளை என்று பேசப் பேச, சுடப்பட்ட பிள்ளைகள் பின்னால் போய்விடுகிறார்கள். கேலிக்கு ஆளாகும் மாணவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய எவரும் கொலை செய்வதில்லை. நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அங்கே அவமானப்பட்டவன் வெட்டப்பட்டவன், வெட்டியவர்கள் அவமானப்படுத்தியவர்கள். அவன் பள்ளியில் புகார் சொன்னதற்குப் பழிதான் அந்த வெட்டு. ஆகவே வலி மட்டுமே ஒருவனைக் கொலைக்குத் தள்ளுகிறது என்று எழுதுவது, சாதித் திமிரில் கையில் நிறக்கயிறு கட்டித் திரியும் பிள்ளைகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். அந்நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது காரணமில்லாமல் அன்று.

ஆனாலும் ஆசிரியர் ஐயாவின் தயக்கத்துக்கு என்னிடம் ஒரு விடை உண்டு. நான் கும்பகோணத்துக்காரன். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் பள்ளியில் எரிந்து போனபோது, எங்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் ஓடினோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது. மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து தீ கிளம்பியது என்பது காரணத்தின் ஒரு பகுதிதான். கீற்றுக் கூரையும், குறுகலான படிக்கட்டும், ஒரே கட்டடத்தில் அடைக்கப்பட்ட பிள்ளைகளும், பார்த்தும் பாராமல் கையெழுத்திட்டவர்களும் சேர்ந்துதான் அந்த நாள். பொறுப்பானவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினோம். தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. தீர்ப்பு வரட்டும் என்று காத்திராமல் பள்ளிக் கூரைகளிலிருந்து கீற்றை இறக்கினோம். கூரையைப் பற்றிப் பேசியதால் குற்றவாளியை மன்னித்தோம் என்று எந்தத் தாயும் எங்களைச் சொல்லவில்லை.

கடைமடை:

தலைஞாயிறு பக்கத்து விவசாயி நான். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இந்தியாவில் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது. நம் வீடுகளில் துப்பாக்கியும் கிடையாது. அதனால் அது அவர்கள் நாட்டுத் துன்பம் என்று நாம் நிம்மதி அடைந்துவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022-இல் மட்டும் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டார்கள். வெண்ணாறு அவர்கள் சொன்ன அதே அவமானமும் அதே மனச்சோர்வும் இங்கே பெரும்பாலும் உள்நோக்கித் திரும்புகின்றன. எங்கள் வீடுகளில் சம்பாவுக்கு வாங்கிய பூச்சிமருந்து, பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் கிடக்கிறது. அதை ஊருக்குப் பொதுவான பெட்டகத்தில் பூட்டி வைக்கும் முயற்சியைச் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை சிநேகா அமைப்பு கடலூர் மாவட்டக் கிராமங்களில் செய்து பார்த்தது. நான் என் வீட்டில் பூட்டுப் போட்டுவிட்டேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

குடமுருட்டி:

நீங்கள் எழுதியவற்றைப் படித்தபின், அந்த மாணவனை நேற்று மாலை பள்ளி முடிந்ததும் தனியே அழைத்துப் பேசினேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். தந்தை திருப்பூரில் வேலையில் இருக்கிறார். பையனை வளர்ப்பது பாட்டி. எட்டு மாதங்களாக வகுப்பில் ஒரு பட்டப்பெயரால்தான் அவனை அழைக்கிறார்கள். விடுதிக் குளியலறையில் அவனை எடுத்த ஒரு காணொளி வாட்ஸாப் குழு ஒன்றில் சுற்றுகிறதாம். எட்டு மாதம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தான், எனக்குத் தெரியாது. எழுந்து போகும்போது, "விடுங்க சார், ஒரு நாள் எல்லாருக்கும் தெரியும்" என்றான். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று அஞ்சினேன். அவனைக் குற்றவாளியைப் போல நடத்தவும் மனம் ஒப்பவில்லை.

வெண்ணாறு:

ஐயா, கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, யாரையாவது காயப்படுத்த வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. அவன் சொன்ன சொல் மிரட்டலாகத் தோன்றுகிறதா என்பதைவிட, அவனிடம் திட்டம் ஏதும் இருக்கிறதா, அதற்கான பொருள் கைக்கு எட்டுகிறதா, நாளையை அவன் எப்படிக் காண்கிறான் என்பவையே முக்கியம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று கூறுங்கள்.

காணொளி தனிக் குற்றம். தலைமையாசிரியரிடம் இன்றே எழுத்தில் கொடுங்கள்; அதைப் பரப்பியவர்களின் பெற்றோரை வரவழையுங்கள்; ஆனால் அவனையும் அவர்களையும் ஒரே அறையில் நிறுத்திச் சமாதானம் பேச வைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் தாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் மனநல உதவிக்கான 14416 எண்ணிலும் தமிழில் பேசலாம். திருப்பூரில் இருக்கும் தந்தையை வரச் சொல்லுங்கள். அவன் பாட்டி வீட்டில் பூச்சிமருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று, கடைமடை ஐயா எழுதியதை நினைவில் கொண்டு, போய்ப் பாருங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்று சனிக்கிழமை, நான் ஆறு மணி வரை மருத்துவமனையில் இருப்பேன். தனிச்செய்தியில் என் எண்ணை அனுப்பியிருக்கிறேன்.