ரோடு அகலப்படுத்துறாங்க, எங்க ஊரு சுமைதாங்கிக் கல்லைக் காப்பாத்த வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, அவசரமா ஒரு உதவி வேணும். எங்க ஊரு தர்மபுரி பக்கம், ரோட்டோரம் புளியமரத்தடியில ஒரு பழைய சுமைதாங்கிக் கல்லு நிக்குது, ரெண்டு கல்ல நட்டு மேல ஒண்ண படுக்க வச்சது, என் நெஞ்சு உயரம் இருக்கும். சந்தைக்குத் தலைச்சுமையோட போனவங்க யாரும் கை குடுக்காமலே இதுமேல இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுப் போவாங்களாம். வயித்துப் புள்ளையோட செத்துப்போன பொண்ணுங்க நினைவா வைக்கிற கல்லு இது, அதனால எங்க ஆயா செருப்போட கிட்டயே விடாது.

இப்ப ரோடு அளந்து மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாச்சு, கல்லு மேலயும் சிவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு. நேத்து ராத்திரி செல்போன் டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சுப் பாத்தேன், மேல்கல்லுல எழுத்து இருக்கு, "உபயம்"னு மட்டும் தெரியுது, மிச்சமெல்லாம் வருஷா வருஷம் அடிச்ச சுண்ணாம்புல மூடிக்கிச்சு. அந்தப் பொண்ணு பேரு அதுக்கடியிலதான் இருக்கும்னு மனசு அடிச்சுக்குது.

இதே மாவட்டத்துல கிடைச்ச அதியமான் பெருவழிக் கல்லுல, அதாவது அந்தக் காலத்து நெடுஞ்சாலைல தூரம் காட்டுற கல்லுல, காதம் 29ன்னு (காதம்ங்கறது பழைய தூர அளவு) எழுத்தோட ரெண்டு பெரிய குழி, ஒம்போது சின்னக் குழி வெட்டியிருக்கும், எழுத்து தெரியாதவங்களும் எண்ணிப் பாத்துக்கலாம். அந்த மாதிரி மண்ணுங்க இது.

எழுத்து கெடாம சுண்ணாம்ப எப்படி எடுக்கறது? மைப்படி, அதான் கல்லெழுத்து மேல தாள ஒட்டி மை ஒத்தி எடுக்கற நகல், அது எடுக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கீங்களா? மனுவ கலெக்டருக்குக் குடுக்கணுமா, தொல்லியல் துறைக்கா? பத்தடி தள்ளி நட்டாக்கூடப் போதும், ஜேசிபி வர்றதுக்குள்ள சொல்லுங்க.