மயங்காத விமானி

“தாத்தா வீடு” குழு, சனிக்கிழமை இரவு

கார்த்தி, 9:12
ராஜு மாமா, விழித்திருக்கிறீர்களா? ஒரு சந்தேகம். டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டரில் நாலு நாளாக ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நான் எஃப்-86 சேபர், எதிரே கம்ப்யூட்டர் ஓட்டும் மிக்-15. கொரியப் போர் ஜோடி. இருபது தடவைக்கு மேல் ஆகிவிட்டது, ஜெயித்தது இரண்டே தடவை. தோற்பதில் வருத்தமில்லை மாமா, அது ஜெயிக்கும் விதம்தான் சரியாகப் படவில்லை.

ராஜு மாமா, 9:15
விழித்துத்தான் இருக்கிறேன். என்ன விதம்?

கார்த்தி, 9:19
முழு இழுப்பில் வட்டமடித்துக்கொண்டே மேலேயும் ஏறுகிறது. நான் அதே வட்டத்தை அடித்தால் வேகம் கரைந்து விமானம் நடுங்க ஆரம்பிக்கிறது, திரையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே வருகின்றன, ஸ்டிக்கைத் தளர்த்தினால்தான் பார்வை திரும்புகிறது. அதற்கு இப்படி எதுவுமே ஆவதில்லை. அஞ்சு நிமிஷம் கழித்தும் முதல் வட்டத்தில் இருந்த அதே தெம்போடு என் பின்னால் வந்து நிற்கிறது.

ராஜு மாமா, 9:26
மிக்-15 ஏறுவதில் சேபரைவிடக் கெட்டிக்காரன்தான், அதை முதலில் ஒத்துக்கொள். எடை ஒரு டன்னுக்கு மேல் குறைவு, உயரத்தில் அதற்குத்தான் சாதகம். ஆனால் சுற்றிக்கொண்டே ஏறுவதற்கு ஒரு விலை உண்டு கார்த்தி. ஸ்டிக்கை எவ்வளவு இழுத்துத் திரும்புகிறோமோ அவ்வளவு காற்று பின்னால் பிடித்து இழுக்கும், அந்த விலையை வேகத்தில்தான் கட்டியாக வேண்டும். அப்புறம், அசல் மிக்-15இல், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டருக்கு ஹைட்ராலிக் உதவி கிடையாது. வேகம் ஏற ஏற ஸ்டிக் இறுகிப்போகும், விமானி தன் கைபலத்தில்தான் இழுக்க வேண்டும். சேபர்காரர்களிடம் ஜி-சூட் இருந்தது, இறுக்கித் திரும்பும்போது ரத்தம் கீழே இறங்கி மயக்கம் வராமல் காலையும் வயிற்றையும் அழுத்திப் பிடிக்கும் உடை அது, மிக் ஓட்டிய சோவியத் விமானிகளிடம் அதுவும் இல்லை. அஞ்சு நிமிஷச் சண்டை என்றால் அந்த ஆளுக்குத் தோள் விட்டுப் போயிருக்கும். உன்னோடு சண்டை போடுகிற மிக்கில் அந்தத் தோள் இல்லை.

கார்த்தி, 9:28
அதேதான் மாமா! அந்தத் தோளைத்தான் நான் தேடுகிறேன்.

மீனா அக்கா, 9:34
இப்போதுதான் பார்த்தேன். நீயும் அந்தக் கம்ப்யூட்டரும் ஒரே கணக்கில் பறப்பதாக நினைக்கிறாய், விஷயமே அங்கேதான் இருக்கிறது. உன் சேபருக்கு இறக்கை, வால், உடல் என்று ஒவ்வொரு பகுதியிலும் படும் காற்றைத் தனித்தனியாகக் கணக்கிடும் விரிவான ஃப்ளைட் மாடல், அதாவது விமானம் எப்படிப் பறக்கும் என்று சொல்லும் கணக்கு. கம்ப்யூட்டர் ஓட்டும் விமானங்களுக்கு அதில் எளிய மாடலைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேம்பட்ட மாடல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ரசிகர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

கார்த்தி, 9:35
அதற்கும் முழு மாடலைக் கொடுத்தால் என்ன அக்கா?

மீனா அக்கா, 9:43
ஒன்று, ப்ராசஸர். ஒரு மிஷனில் அம்பது விமானம் பறந்தால் அத்தனைக்கும் அந்தக் கணக்கு ஓட வேண்டும். டிசிஎஸ்ஸில் பல கோர்களைப் பயன்படுத்தும் பதிப்பே 2023இல்தான் வந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று, நான் வேலையில் தினமும் முட்டிக்கொள்வதும் அதுதான். ரோபோக் கைக்கு நான் மென்பொருள் எழுதும்போது, திரையில் இருக்கும் எளிய கை சொன்ன இடத்துக்கு உடனே போய்விடும். நிஜக் கையில் கியரில் தளர்வு இருக்கும், மோட்டார் சூடாகும், நிற்கச் சொன்ன பிறகும் கொஞ்சம் ஆடும். திரையில் பிரமாதமாக ஓடிய நிரல் அங்கே திணறிப்போகும். விமானமும் அப்படித்தான். எளிய மாடல் என்றால், இந்த அளவு திரும்பு என்று சொன்னதும் திரும்பிவிடும். முழு மாடல் என்றால் உன்னைப் போல அதுவும் ஸ்டிக்கை ஆட்டிப் பார்த்து, ஸ்டால் ஆகாமல், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்துவிடாமல் தப்பித்து, காற்றடிக்கும்போது தரையிறங்கி, டேங்கர் விமானத்துக்குப் பின்னால் போய் வானத்திலேயே எரிபொருள் பிடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனித்தனியாக! சோம்பேறித்தனத்தில் செய்தது என்று நினைத்துவிடாதே.

சித்தப்பா, 9:51
1998இல் வந்த ஃபால்கன் 4.0 சிமுலேட்டர் ஞாபகம் வருகிறது. அதோடு வந்த கையேடே ஒரு தடித்த ஃபைல், அதை வைத்துக்கொண்டு நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்ததை அண்ணி இன்னும் சொல்வார்கள். கொரியத் தீபகற்பம் முழுக்கப் போர் நடக்கும், நாம் பறக்காவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கும். அன்றைய கம்ப்யூட்டரில் அது எப்படி முடிந்தது தெரியுமா? நம்மைச் சுற்றி ஒரு குமிழி. அதற்குள் வருகிறவைதான் தனித்தனி விமானமாகப் பிரிந்து நிஜமாகப் பறக்கும். வெளியே இருப்பவை வெறும் எண்கள், இத்தனை போனது, இத்தனை திரும்பியது என்று கணக்குப் போட்டு முடித்துவிடுவார்கள். தூரத்தில் யாருமே பறக்கவில்லை என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்தப் போர் நிஜமாகத்தான் இருந்தது. ரேடியோவில் யாரோ உதவி கேட்டால் மனசு பதறும்.

பெரிய அத்தை, 9:58
நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் எங்கே இருக்கிறது? கார்த்தி எங்கே பறக்கிறான் என்று அது எப்படிப் பார்க்கிறது?

மீனா அக்கா, 10:03
அத்தை, இந்தக் குழுவில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். அதற்குக் கண்ணே இல்லை. கார்த்தியின் விமானம் எந்த இடத்தில் இருக்கிறது என்ற எண் அதே நிரலுக்குள்ளேயே இருக்கிறது, எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. எழுதுகிறவர்கள்தான் வலிய வந்து குருடாக்க வேண்டும். மேகம் நடுவில் இருந்தால் தெரியாது, தன் விமானத்தின் மூக்குக்குக் கீழே இருந்தால் தெரியாது, சூரியன் பக்கம் இருந்தால் கண் கூசும், கவனம் வேறு பக்கம் இருந்தால் தாமதமாகத்தான் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டது ஒவ்வொன்றும் அதற்குக் கூடுதல் பலம்.

கார்த்தி, 10:06
பழைய ஐஎல்-2 சிமுலேட்டரிலும் இதே புகார்தான் அத்தை. நாம் மேகத்துக்குள் புகுந்து ஒளிந்தால், எதிரி நேராக நம்மை நோக்கித் திரும்புவான். குண்டுவீச்சு விமானத்தின் பின்பக்கத் துப்பாக்கிக்காரன், விமானம் எப்படிப் புரண்டாலும் முதல் சுடுதலிலேயே நம் இன்ஜினைப் பிடிப்பான்.

பிரவீன், 10:14
“2020 ஆகஸ்ட் 20: அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய போட்டியில் ஹெரோன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஏஐ, அனுபவமிக்க எஃப்-16 விமானியை 5-0 என்று வீழ்த்தியது. இனி விமானியே தேவையில்லை!”
இது உண்மைதானே? அப்படியென்றால் கார்த்தி அண்ணன் தோற்பதில் ஆச்சரியமே இல்லை.

மீனா அக்கா, 10:25
5-0 உண்மை பிரவீன். கடைசி வரி யாரோ ஒட்டியது. அதுவும் சிமுலேட்டரில் நடந்ததுதான், ஆனால் கார்த்தியின் மிக்கோடு அதைச் சேர்க்காதே. அங்கே இருவருக்கும் ஒரே எஃப்-16 மாடல், அந்த வகையில் நியாயமான போட்டி. வித்தியாசம் வேறிடத்தில். எதிரியின் இடம், வேகம், திசை எல்லாம் நொடிக்கு நொடி துல்லியமாக ஏஐக்குக் கொடுக்கப்பட்டன. விமானி விஆர் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். ஏஐ நேருக்கு நேர் பாய்ந்து வரும்போதே சுட்டது. மோதிவிடும் என்பதால் பயிற்சிப் பறத்தலில் அதை அனுமதிப்பதில்லை, விமானி வளர்ந்த பழக்கமே வேறு. இழந்தால் போவது ஒரு எண் என்றால் அப்படிப் பாயலாம்.

ராஜு மாமா, 10:33
அந்த விமானிக்கும் இன்னொன்று குறைந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஜி தெரியாது, அதாவது இறுக்கித் திரும்பும்போது உடம்பில் ஏறும் கனம். நான் இன்ஜின் ஃபிட்டராக மிக்-21 பக்கத்தில் நின்ற வருஷங்களில், சண்டைப் பயிற்சி முடித்து இறங்கும் பையன்களுக்கு ஏணியைப் பிடித்திருக்கிறேன். ஓவரால் முழுக்க நனைந்திருக்கும், முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில் சிவப்பாக இருக்கும், சிலர் தரையில் கால் வைத்ததும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். ஒன்பது ஜி என்றால் எழுபது கிலோ ஆள் அறுநூற்றுச் சொச்சம் கிலோ ஆகிறான். அந்தக் கனத்தில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த உடம்பு அவர்களுக்குச் சுமை மட்டும் இல்லை. விமானம் ஸ்டாலுக்குப் போகப் போகிறது என்பதை மீட்டர் சொல்வதற்கு முன்னால் முதுகில் உணர்ந்தோம் என்பார்கள். நாற்காலியில் அதுவும் கிடைக்காது.

பிரவீன், 10:36
அப்போது நிஜ விமானத்தில் ஏஐயால் முடியாதா?

மீனா அக்கா, 10:44
முடியாது என்று நான் சொல்லவில்லை. 2022 டிசம்பரிலிருந்து எக்ஸ்-62ஏ என்ற மாற்றியமைத்த எஃப்-16இல் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். 2023 செப்டம்பரில் விமானி ஓட்டிய நிஜ எஃப்-16ஓடு நெருங்கிச் சண்டைப் பயிற்சியும் செய்தது. உள்ளே பாதுகாப்புக்கு விமானிகள் இருந்தார்கள், அவர்கள் ஏஐயை நிறுத்த வேண்டி வரவில்லை. ஆனால் அந்தக் காலத்துக்குள் 21 பறத்தல்களில் ஒரு லட்சம் வரிக்கு மேல் மென்பொருளை மாற்றினார்கள். எனக்கு மரியாதை வருவது அந்த ஒரு லட்சம் வரியின் மேல்தான். திரையில் சரியாக இருந்ததை வானத்துக்குச் சரியாக்கப் பட்ட பாடு அது.

சித்தப்பா, 10:47
சரி கார்த்தி, உனக்கு எப்படிப்பட்ட எதிரி வேண்டும்? அதைச் சொல்.

கார்த்தி, 10:58
சுலபமான எதிரி வேண்டாம் சித்தப்பா. திறமை அளவைக் குறைத்து வைத்துப் பார்த்துவிட்டேன், அப்போது மந்தமாகிறதே தவிர மனிதனாவதில்லை. வட்டமடித்தால் வேகம் இழக்கிற எதிரி வேண்டும். நான் சூரியனுக்குள் போனால் என்னைத் தொலைத்துவிட்டு, தப்பான பக்கம் திரும்பித் தேட வேண்டும். துணை விமானம் விழுந்தால் சண்டையை விட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும், எரிபொருள் கம்மியானால் கவலைப்பட வேண்டும். கொரியாவில் பல சண்டைகள் ஒருவர் மற்றவரைப் பார்க்காததால் முடிந்தவை. பார்க்காமல் விடுகிற ஆளே இல்லாத வானத்தில் நான் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

பிரவீன், 11:02
அண்ணா, டிசிஎஸ்ஸோடு இலவசமாக வரும் டிஎஃப்-51 மஸ்டாங் என்னிடமும் இருக்கிறது. துப்பாக்கி கிடையாது. யார் யார் பின்னால் பத்து விநாடி நிற்கிறார்களோ அவருக்கு ஒரு புள்ளி. நாளைக்கு வருகிறீர்களா?

கார்த்தி, 11:03
காலையில் எட்டு மணிக்கு வா.

ஞாயிற்றுக்கிழமை

ராஜு மாமா, 10:20
என்ன ஆயிற்று?

கார்த்தி, 10:31
அஞ்சு சுற்று மாமா. மூன்று எனக்கு, இரண்டு அவனுக்கு. பிரவீன் ஓட்ட ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது, இரண்டு தடவை ஸ்டால் ஆகி விழப் பார்த்தான். ஆனாலும் நாலு நாள் மிக்கோடு போட்ட சண்டையில் வராத படபடப்பு இதில் வந்தது. மூன்றாவது சுற்றில் அவன் என் பின்னால் நன்றாக ஒட்டிக்கொண்டான், நான் சூரியனைப் பார்த்து ஏறினேன். எங்கே போனீர்கள், எங்கே போனீர்கள் என்று ஹெட்செட்டில் கத்தினான். பார்த்தால் எனக்குக் கீழே, எதிர்ப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறான்.

பிரவீன், 10:33
ஐந்தாவது சுற்றில் நான் அதையே செய்தேன், அதையும் எழுதுங்கள் அண்ணா.

கார்த்தி, 10:34
ஆமாம். ஐந்தாவதில் நான்தான் அவனைத் தொலைத்தேன்.

பெரிய அத்தை, 10:40
இருவரும் சாப்பிட்டீர்களா?