பனி அள்ளும் ஊர்களில் பார்த்தது

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகும் பனிதான். நீடாமங்கலத்துக்காரனான நான், மகளின் பிரசவத்துக்காகக் கனடாவின் மாண்ட்ரியல் போனபோதுதான் இன்னொரு பனியைப் பார்த்தேன்.

ராத்திரி தெருவில் சைரன். எங்கோ தீ என்று பதறி எழுந்தேன். "பனி அள்ள வர்றாங்கப்பா, காரை எடுக்கச் சொல்றாங்க" என்றாள் மகள். இரவு 7 முதல் காலை 7 வரை வண்டி நிறுத்தக்கூடாது என்று ஆரஞ்சுப் பலகை வைத்திருந்தார்களாம். மருமகன் கவனிக்கவில்லை. அவர் கீழே ஓடுவதற்குள் காரை இழுத்துப் போய்ப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டார்கள்.

நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஓரத்தில் ஒதுக்கி வைத்த பனியை ஒரு இயந்திரம் வாரி, கூடவே நகரும் லாரிக்குள் பீய்ச்சியது. அறுவடை மெஷின் டிப்பரில் நெல் கொட்டுமே, அதே காட்சி. நடைபாதைக்குத் தனியாகக் குட்டி வண்டி. பனியில் ஒரு பங்கு, ஊருக்குள்ளேயே இருக்கும் பிரான்கோன் என்ற பழைய கல்குவாரிக்குப் போகிறது. கோடையிலும் கரையாமல் கிடக்குமாம்.

நாம் ஜூன் 12 மேட்டூர் திறப்பு நெருங்கும்போது அவசரமாகத் தூர்வாரி, மண்ணை வாய்க்கால் கரையிலேயே போடுகிறோம். ஐப்பசி மழையில் பாதி திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. அள்ளியதை அங்கிருந்து கொண்டுபோக ஒரு இடம் வேண்டாமா?

* * *

ஐயா, நான் வேதாரண்யம். கனடாவில் நான் இருந்த ஊரில் அள்ளிப் போவதெல்லாம் அபூர்வம், ஒதுக்குவதோடு சரி. காலையில் வாசலைச் சுத்தம் செய்து நிமிர்ந்தால், வண்டி வந்து ரோட்டுப் பனியை நம் வாசலிலேயே தள்ளிவிட்டுப் போகும். உங்கள் வாய்க்கால் கதைதான்!

அப்புறம் உப்பு. நாங்கள் பாத்தி கட்டி, வெயிலில் நின்று வாரும் பொருளை லாரி லாரியாக ரோட்டில் தூவுவதைப் பார்த்து வயிறு எரிந்தது. உப்புத் தண்ணீர் லேசில் உறையாது, அதனால் பனி இளகும். மைனஸ் 15க்குக் கீழே போனால் அதுவும் பெரிதாக வேலை செய்யாது, வழுக்காமல் இருக்க மணல் தூவுவார்கள். என் காரின் அடித்தகடு துருப்பிடித்தது தனிக்கதை.

* * *

கும்பகோணத்திலிருந்து நான். 2015இல் பாஸ்டனில் தங்கை வீட்டில் இருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சேர்த்து 9 அடிக்கு மேல் பனி. மண்வெட்டியால் அள்ளி காருக்கு இடம் பண்ணியவர், வெளியே போகும்போது அங்கே ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போவார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதேதான். பனிக்காக நகராட்சி அறிவிக்கும் அவசரநிலை முடிந்து 48 மணி நேரம் வரைதான் இப்படி இடம் பிடிக்க அனுமதியாம். எங்கள் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு மாதம் நின்றது. யாரும் தொடவில்லை.