தாத்தா 80 (அவரிடம் வாய் திறக்கக்கூடாது)

நான்: பரணில் இருந்து தாத்தாவின் மாதிரி ரயில்கள் இருக்கும் பெட்டியை இறக்கிவிட்டேன். மூன்று இன்ஜின். பச்சை, கறுப்பு, குட்டிச் சிவப்பு. பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். டிசிசி டீகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளைப்படி ஒவ்வொரு இன்ஜினையும் தனியாக ஓட்டும் குட்டி சர்க்யூட்) எது போடுவது என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

அத்தை: பச்சை அங்கேயா இருக்கிறது??

அத்தை: நான் எடுத்துப் போய்விட்டேன் என்று எத்தனை வருடம் பேச்சு வாங்கினேன்

பெரியப்பா: நான் சொல்லவில்லை

அத்தை: அண்ணா, நீங்கள்தான் சொன்னீர்கள்

அக்கா: சத்தம் வருகிற டீகோடர் வாங்கலாம். ஊதல், நீராவி எல்லாம்

பெரியப்பா: மூன்றுக்கும் ஒரே மாதிரி வாங்கு. வேலை முடிந்தது

சித்தப்பா: அப்படி வாங்கக்கூடாது அண்ணா, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை. சும்மா ஓடும்போது இழுப்பதை வைத்து வாங்கினால் ஏமாந்துபோவோம், சக்கரம் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் எவ்வளவு இழுக்கும் என்பதுதான் கணக்கு. 12 வோல்ட் கொடுத்து, நடுவில் அம்மீட்டரை வைத்து, சக்கரத்தை விரலால் ஒரு நொடி அமுக்கிப் பிடி, தெரிந்துவிடும். இப்போது வரும் ஹெச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அளவு இன்ஜின்களுக்கு 1 ஆம்பியர் பெரும்பாலும் போதும். தாத்தாவுடையது பழைய மோட்டார், கூடவே இழுக்கலாம். அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம். அப்புறம் உள்ளே டீகோடரைச் செருக சாக்கெட் இருக்கிறதா பார்.

அத்தை: அப்பாடா

அப்பா: பரண் ஏணி ஆடுமே, யார் பிடித்தது?

நான்: அம்மா

அப்பா: சரி

நான்: பச்சையைத் திறந்தேன். ஒரு குட்டி அட்டை செருகியிருந்தது, பிடுங்கினால் கீழே எட்டுத் துளை. கறுப்பில் சாக்கெட் இல்லை, மோட்டாரில் ஒரே ஒரு ஒயர்தான், இன்னொரு பக்கம் இன்ஜினின் சேசிஸையே தொட்டுக்கொண்டிருக்கிறது. சிவப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

சித்தப்பா: எட்டுத் துளை என்றால் என்இஎம் 652 என்கிற தரப்படுத்திய டீகோடர் சாக்கெட், நல்லதாகப் போயிற்று. அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே, டீகோடரைக் கழற்ற வேண்டி வந்தால் அதைச் செருகினால்தான் பழையபடி ஓடும். டீகோடரின் ஆரஞ்சு ஒயர் ஒன்றாம் எண் துளைக்குப் போக வேண்டும், மாற்றிச் செருகினால் விளக்கு எரியாது.

அக்கா: கறுப்புக்குத்தான் சத்தம் வேண்டும். அதுதானே நீராவி

பெரியப்பா: கறுப்பில் கை வைக்க வேண்டாம். போன தடவை புகை வந்தது. நம் அப்பா அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை

அப்பா: இப்போது எதற்கு அந்தப் பேச்சு

சித்தப்பா: அண்ணா, அது என் தப்புதான், அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். சேசிஸைத் தொடும் அந்த பிரஷ்தான் (மோட்டாருக்குள் மின்சாரம் செலுத்தும் துண்டு) காரணம். ஒரு பக்கத் தண்டவாளத்து மின்சாரம் அந்த சேசிஸ் வழியாகத்தான் வருகிறது. நான் பிரஷைப் பிரிக்காமல் டீகோடரைச் சாலிடர் வைத்துவிட்டேன், தண்டவாளத்து மின்சாரம் நேரே டீகோடரின் மோட்டார் பக்கம் ஏறிக் கருகிவிட்டது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரஷுக்கு அடியில் இன்சுலேஷன் கொடுத்துவிட்டு, மல்டிமீட்டரில் ஒரு முனையை பிரஷிலும் இன்னொன்றைச் சக்கரத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பிரஷுக்கும், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும். பீப் சத்தம் எதிலும் வரக்கூடாது. அதற்குப் பிறகுதான் டீகோடரின் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு.

பெரியப்பா: ம்

அக்கா: சத்தம்???

சித்தப்பா: வைக்கலாம்மா, ஸ்பீக்கருக்கு டெண்டரில் (இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் நிலக்கரிப் பெட்டி) இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டீகோடர் 4 ஓம் கேட்கிறதா 8 ஓம் கேட்கிறதா என்று பார்த்து ஸ்பீக்கர் வாங்க வேண்டும், காற்றுப் போகாத சின்னக் கூண்டு இல்லாவிட்டால் சத்தம் மெலிந்து கேட்கும். ஆனால் என்னைக் கேட்டால் சத்தம் இரண்டாவதுதான். மோட்டாரின் பேக் இஎம்எஃப்பை (சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் மின்னழுத்தம்) பார்த்து வேகத்தைச் சரிசெய்யும் டீகோடராக இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி குதிக்காமல் ஊர்ந்து கிளம்பும்.

அத்தை: அது உண்மை. அப்பா கன்னத்தை மேஜையில் வைத்துக்கொண்டு முதல் சக்கரம் அசைவதையே பார்ப்பார்

அத்தை: நானும் எதிர்ப்பக்கம் வைத்துப் படுத்திருப்பேன்

அப்பா: ஆமாம்

அக்கா: மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டலாமா?

சித்தப்பா: ஓட்டலாம். புது டீகோடர் எல்லாமே 3 என்ற முகவரியோடுதான் வரும், மாற்றாமல் விட்டால் ஒன்றை ஓட்டினால் எல்லாம் சேர்ந்து ஓடும். புரோகிராமிங் தண்டவாளத்தில் (டீகோடரை அமைப்பதற்கான தனித் துண்டு) ஒவ்வொன்றாக வைத்து சிவி 1-ஐ, அதாவது டீகோடருக்குள் முகவரிக்கான அமைப்பை, மாற்ற வேண்டும். மெதுவாகக் கிளம்ப சிவி 3.

அத்தை: பச்சைக்கு 80 வையுங்கள்

பெரியப்பா: கறுப்புக்குத்தான் 80. அதுதான் அப்பா முதலில் வாங்கியது

அத்தை: அதைத் தொடவேண்டாம் என்றீர்களே அண்ணா

நான்: அளந்துவிட்டேன். பச்சை 0.7. கறுப்பு 1.4!

சித்தப்பா: பச்சைக்கு 1 ஆம்பியர் தாராளம். கறுப்புக்கு 2 ஆம்பியராவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அண்ணா, நீங்களும் வாருங்கள், மீட்டரை நீங்களே பிடியுங்கள். உங்களுக்குத் திருப்தி என்றால்தான் சாலிடர் வைப்பேன்.

பெரியப்பா: பார்க்கலாம்

நான்: சரி, பச்சைக்கு மட்டும் இப்போது ஆர்டர் சொல்லிவிடுகிறேன். சிவப்புக்கு? சும்மா தண்டவாளத்தில் வைத்துப் பார்க்கட்டுமா?

சித்தப்பா: வேண்டாம்! டிசிசி தண்டவாளத்தில் டீகோடர் இல்லாத இன்ஜினை வைத்தால் மோட்டார் ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே சூடாகும்.

நான்: அப்போது சிவப்பை என்ன செய்வது?

அத்தை: பச்சையைப் பக்கவாட்டில் இருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு