சாகச, மாயாஜாலப் படங்கள்: அடுத்து எதைப் பார்க்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். எப்பவாவது ஓய்வு கிடைச்சா படம் பார்க்கிற ஆள் நான். ஒரு யோசனை வேணும்.

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூணு பாகத்தையும் (2001–2003) இப்பதான் பார்த்து முடிச்சேன். இன்னும் அதுலேருந்து வெளிய வர முடியல. போர்க் காட்சிகளைவிட அந்த கோல்லம்தான் மனசைப் பிசையுறான். ரெண்டாவது பாகத்துல தனக்குத்தானே சண்டை போடுவானே, அந்த இடம்! முகம் ஒரு பக்கம் திரும்பினா பாவமா இருக்கு, இன்னொரு பக்கம் திரும்பினா பயமா இருக்கு. ஆண்டி செர்கிஸோட நடிப்பை வச்சுத்தான் கணினியில அந்த உருவத்தைச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சதும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' முதல் பாகமும் (2003) ரொம்பப் பிடிச்சுது. படகு மூழ்கிட்டே இருக்கும், ஜாக் ஸ்பேரோ பாய்மரத்து மேல நின்னபடியே வந்து அலட்டிக்காம கரையில கால் வைப்பார். ஆள் எப்படின்னு அதுலயே புரிஞ்சிடும். அடுத்த பாகங்கள்ல கதை சிக்கலாகி எனக்கு ஒட்டல.

ரிங்ஸோட நீளமான பதிப்பைப் பார்த்தவங்க சொல்லுங்க, கூடுதல் காட்சிகள் கதைக்கு உதவுதா, வேகத்தைக் குறைக்குதா? மூணாவது பாகம் மட்டுமே 4 மணி நேரத்துக்கு மேல போகுது. ஒரே நாவலை மூணு படமா எடுத்த 'ஹாபிட்' (2012–2014) பார்க்கலாமா? கிராஃபிக்ஸைவிட ஆட்கள் மனசுல நிக்கிற மாதிரி வேற படம் இருந்தாலும் சொல்லுங்க, ப்ளீஸ். கதையை மட்டும் உடைச்சிடாதீங்க.