ராபர்ட் வயட்டின் ‘ராக் பாட்டம்’: முதன்முதலாகக் கேட்ட அனுபவங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டனிலிருந்து:

ஆங்கில இசைக் கலைஞர் ராபர்ட் வயட்டின் ‘ராக் பாட்டம்’ இசைத்தட்டு பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பத்தியிலேயே அந்த ஜன்னல் வந்துவிடுகிறது. 1973 ஜூன் 1 அன்று லண்டன் மைடா வேல் பகுதியில் நடந்த ஒரு விருந்தில் அவர் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதுவரை டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடுகிறவரானார். மறு ஆண்டு ஜூலை 26 அன்று இந்த இசைத்தட்டு வெளிவந்தது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு தட்டைக் கேட்டவர்கள் பலர். தெரியாமலே கேட்டவர்கள் சிலர். நீங்கள் எந்த வகை, முதல் முறை கேட்டபோது காதில் விழுந்தது என்ன என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் இரண்டாம் வகை என்பதால் முதலில் என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன்.

2004-இல், வீட்டுக்குப் பக்கத்தில் பழைய பொருள் விற்கும் ஒரு தொண்டு நிறுவனக் கடையில், யாரோ மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்த இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துப் புரோகிரெசிவ் ராக், அதாவது நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசையின் உறைகள் எல்லாம் வேற்றுக் கிரகம், மிதக்கும் பாறை என்று கண்ணைப் பறிப்பவை. அவற்றுக்கு நடுவே வெள்ளைப் பின்னணியில் பென்சிலால் வரைந்த ஒரு கடற்காட்சி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் ஓவிய நோட்டைப் போலிருந்த அந்த எளிமைக்காகவே நான்கு பவுண்டு கொடுத்து வாங்கினேன். வயட் சாஃப்ட் மெஷின் என்ற ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் என்பது மட்டும் தெரியும். ஆகவே தடதடவென்று டிரம்ஸ் வரும் என்று எதிர்பார்த்துத்தான் ஊசியை வைத்தேன்.

வந்தது ‘சீ ஸாங்’. நீருக்கடியில் விளக்கு எரிவதுபோல நடுங்கும் ஒரு மலிவான கீபோர்டின் ஒலி. அதன் மேல் சற்றே மூக்கடைத்த, அலங்காரமற்ற ஓர் ஆணின் உச்சக் குரல். கடலோடு தொடர்புடைய ஒரு பெண்ணை, குடித்திருக்கும்போதும் கிறுக்குப் பிடித்திருக்கும்போதும்கூட அவளைப் பிடித்திருப்பதாக அவர் பாடுகிறார். பாதிக்குப் பிறகு சொற்கள் தீர்ந்துபோகின்றன. குரல் மட்டும் சொல்லில்லாமல் மேலே மேலே ஏறிப் போகிறது. கிட்டத்தட்ட ஆறரை நிமிடம். முடிந்ததும் ஊசியை எடுத்து மறுபடி தொடக்கத்தில் வைத்தேன். அன்றிரவு இரண்டாவது பாடலை நான் கேட்கவே இல்லை. எனக்கு அது ஒரு காதல் பாட்டாகத்தான் கேட்டது. பெருந்துயரம் எதுவும் என் காதில் விழவில்லை. விபத்தைப் பற்றி ஏழெட்டு மாதம் கழித்துப் படித்தபோது, அடடா, இத்தனை நாள் தவறாகவா கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒரு குற்றவுணர்வு வந்தது. அந்தக் குற்றவுணர்வு தேவைதானா என்பதே என் கேள்வி.

*

லெஸ்டரிலிருந்து:

நான் முதல் வகை. என் தொழில் இயன்முறை மருத்துவம். தண்டுவடக் காயம் பட்டவர்களோடுதான் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நோயாளி ஒருவர்தான் இந்த இசைத்தட்டை எனக்கு அறிமுகப்படுத்தினார். கதை முழுவதையும் அவரே சொல்லிவிட்டு, தன் கைப்பேசியை என் காதில் வைத்தார்.

வயட் சேர்க்கப்பட்டது ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில். 1944-இல் மருத்துவர் லூத்விக் குட்மான் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய இடம் அது. பின்னாளில் பாராலிம்பிக்ஸாக வளர்ந்த விளையாட்டுப் போட்டிகளும் 1948-இல் அங்கேதான் ஆரம்பமாயின. இன்று முதுகெலும்பு முறிவுக்கு விரைவில் அறுவை செய்து, சில நாட்களிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் எலும்பு தானாகச் சேரும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், மல்லாந்து படுத்திருக்க வேண்டும். படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவானாலும், ஊழியர்கள் வந்து உடலைத் திருப்பி வைப்பார்கள். வயட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறார். சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகு, பார்வையாளர் அறையில் கிடந்த ஒரு பழைய பியானோவைக் கண்டுபிடித்து, அதில்தான் இந்தப் பாடல்களைத் தொடர்ந்து செப்பனிட்டிருக்கிறார்.

டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கால்கள் போவது என்றால் என்ன என்பதைப் பலர் முழுமையாக யோசிப்பதில்லை. பேஸ் டிரம்மை அடிப்பது வலது கால். ஹை-ஹாட் தகடுகளைத் திறந்து மூடுவது இடது கால். கைகள் இரண்டும் நன்றாக இருந்தாலும் நால்வர் செய்த வேலையில் இருவர் போய்விட்ட மாதிரிதான். அதனால் இந்தத் தட்டின் ஆறு பாடல்களில் இரண்டில் மட்டும் லாரி ஆலன் டிரம்ஸ் வாசிக்கிறார். மற்ற நான்கிலும் டிரம்ஸ் தொகுதியே கிடையாது. தாளத்துக்குக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வயட் பயன்படுத்தியிருக்கிறார். உறையில் உள்ள பட்டியலில் ‘ஜேம்ஸின் டிரம்’, ‘டெல்ஃபினாவின் ஒயின் கோப்பை’, ‘டெல்ஃபினாவின் ட்ரேயும் ஒரு சிறு பேட்டரியும்’ என்றெல்லாம் வாத்தியங்களின் பெயர்கள் இருக்கின்றன. வில்ட்ஷயரின் லிட்டில் பெட்வின் கிராமத்தில், டெல்ஃபினா என்ற அந்தத் தோழியின் பண்ணை வீட்டில், ஒலிப்பதிவு வண்டியை வெளியே நிறுத்திப் பதிவு செய்தபோது அந்த வீட்டில் இருந்த பொருட்கள் அவை. ஜேம்ஸின் டிரம் அளவில் ஒரு பொம்மைதான்.

என் காதில் முதலில் விழுந்தது ‘அலிஃபிப்’ பாடலின் மூச்சு. பாடல் முழுவதும் தாளம் போடுவது ஒரு மனிதனின் கிசுகிசுப்புதான்; உள்ளே இழுத்து வெளியே விடும் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் மேல் ஹ்யூ ஹாப்பரின் பேஸ் கிட்டார் அவசரமே இல்லாமல் ஒரு நீண்ட தனி வாசிப்பை வாசிக்கிறது. இரவுப் பணியில் நான் தினமும் கேட்கும் சத்தம் அது. காயம் தண்டுவடத்தில் எவ்வளவு மேலே பட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு மூச்சுத் தசைகளும் பலவீனமாகும். அப்படிப்பட்டவர்களுக்கு வாய்ப்பாட்டையே பயிற்சியாகக் கொடுப்பதுண்டு. பாடலை எனக்குக் கேட்கக் கொடுத்தவருக்குக் கழுத்தில் காயம். ஒரு வாக்கியத்தை முடிக்கவே இருமுறை மூச்சு வாங்குவார். அந்தப் பாடலோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். மூன்றாவது நிமிடத்தில் பின்தங்கிவிடுவாராம். அடுத்த மாதம் நான்காவது நிமிடம் வரை போனார். கதை தெரிந்து கேட்டதால் நான் இழந்தது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

*

சென்னையிலிருந்து:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும் இடத்தில் மாற்றுக் கருத்தைச் சொல்வது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் இந்தத் தட்டின் ஒரு பகுதி என்னைச் சோதிக்கிறது. எனக்குப் புரோகிரெசிவ் ராக் என்றால் விரல் வித்தை. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று எண்ணிப் பார்க்க வைக்கும் தாளக்கட்டுகள். கல்லூரியில் எங்கள் விடுதி அறைத் தோழர் இதை வானளாவப் புகழ்ந்ததால், ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் ‘அலிஃபிப்’ முடிந்து ‘அலிஃபி’ தொடங்கும் இடத்தில் தூங்கிவிட்டேன். எழுப்பியது கேரி விண்டோவின் சாக்ஸபோன். யாரோ கதவைப் பிறாண்டுவது போல இருந்தது.

அந்த ஜோடிப் பாடல்களின் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதில் வயட் குழந்தையிடம் கொஞ்சுவது போன்ற அபத்தச் சொற்களை மெல்லப் பாடுகிறார். இரண்டாவதில் அதே சொற்களை மெட்டில்லாமல், பதறிப் பேசுகிறார். கடைசியில் அவர் துணைவி ஆல்ஃபிரடா பெஞ்சே வந்து, உன் கொஞ்சல் எல்லாம் எனக்கு வேண்டாம் என்கிற தொனியில் பதில் சொல்கிறார். அந்த ஒரு பதில் எனக்குப் பிடிக்கும். அங்கே போய்ச் சேர்வதற்கு இத்தனை நிமிடம் வேண்டுமா என்பதே என் குறை. இதைச் சொன்னபோது என் தோழர், “மனிதர் என்ன நிலையில் இதைச் செய்தார் தெரியுமா?” என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். கதையின் தொல்லை இதுதான்: நோயாளியைக் குறை சொல்லலாகாது என்கிற மரியாதை, இசையைக் குறை சொல்வதையும் தடுத்துவிடுகிறது. 1974 செப்டம்பரில் வயட் ‘ஐ’ம் எ பிலீவர்’ என்ற ஜனரஞ்சகப் பாட்டைப் பாடி வெளியிட்டார். அது பிரிட்டிஷ் பட்டியலில் 29-ஆம் இடம் வரை வந்தது. அவரைப் பரிதாபத்தோடு பார்க்கச் சொல்கிறவர்கள் அதை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

*

பாரிஸ், லா ஷப்பலிலிருந்து:

முன்பு எழுதிய நண்பர் தூங்கியதில் எனக்கு வருத்தமில்லை. முதற் பக்கத்தின் கடைசிப் பாடலில் விழித்திருந்தாரா என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன்.

நான் இங்கு வந்த தொடக்கத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினேன். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல், வாடிக்கையாளர் எல்லோரும் போன பின், தலைமைச் சமையற்காரர் தனக்குப் பிடித்ததைப் போட்டுக் கேட்டபடி அடுப்புகளைத் துடைப்பார். பிரெஞ்சுக்காரர்களுக்கு வயட் மீது தனிப் பிரியம் உண்டு. 1974-இல் இந்தத் தட்டுக்கு இசைப்பதிவுகளுக்கான ஷார்ல் க்ரோ அகாடமியின் பரிசைக் கொடுத்தவர்களும் அவர்களே. ஒரு நாள் ‘லிட்டில் ரெட் ரைடிங் ஹூட் ஹிட் த ரோட்’ ஒலித்தது. எனக்கு அப்போது ஆங்கிலமும் அரைகுறை, பிரெஞ்சும் அரைகுறை. பாட்டின் சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே ஒரு டிரம்பெட் வருகிறது. ஒன்றல்ல, ஒரே ஆள் தன் மேலேயே மீண்டும் மீண்டும் பதிந்த பல டிரம்பெட்டுகள். ஒன்றையொன்று முந்திக்கொண்டு, இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகின்றன. கோவில் திருவிழாவின் முடிவில், சாமி இருப்பிடம் திரும்பும் வேளையில், நாதஸ்வரக்காரர்கள் களைத்தும் நிறுத்த மனமின்றி வாசிப்பார்களே, அந்த நிலை. கழுவிய தட்டு கையில் இருக்க, தண்ணீரை மூடாமலே நின்றுவிட்டேன். சமையற்காரர் வந்து குழாயை மூடினார்.

வாசித்தவர் யார் என்று அவரிடமே கேட்டேன். மொங்கெஸி ஃபேஸா, தென்னாப்பிரிக்கர் என்றார். பின்னர் நானாகத் தேடிப் படித்தேன். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த புளூ நோட்ஸ் என்ற குழுவில் அவர் இருந்தார். நிறவெறிச் சட்டங்களின் கீழ் அப்படிச் சேர்ந்து மேடையேறுவதே பெரும்பாடு. 1964-இல் பிரான்ஸின் அந்தீப் நகரில் நடந்த ஜாஸ் விழாவுக்கு வாசிக்க வந்தவர்கள் ஊர் திரும்பவில்லை. ஃபேஸா 1975 டிசம்பரில் லண்டனில் இறந்தார். வயது 30. இந்தத் தட்டு வெளிவந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை.

வயட்டின் விபத்தைப் பற்றி அந்தச் சமையற்காரர் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆகவே பல ஆண்டுகளாக இது எனக்கு ஃபேஸாவின் இசைத்தட்டாகவே இருந்தது. இன்றும் யாராவது அந்த ஜன்னலைப் பற்றிப் பேசினால், என் நினைவில் முதலில் வருவது ஊருக்குத் திரும்பாத அந்த டிரம்பெட்காரர்தான்.

*

ஈஸ்ட் ஹாமிலிருந்து மீண்டும்:

எழுதிய மூவருக்கும் நன்றி. பாரிஸ் நண்பரின் பதிவைப் படித்துவிட்டு அந்தப் பாடலை நேற்று இரவு இருமுறை போட்டேன். குழாயை மூடாமல் நின்றதில் வியப்பே இல்லை.

என் குற்றவுணர்வுக்கு வருகிறேன். இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை விபத்துக்கு முன்பே தொடங்கப்பட்டவை. 1973-இன் தொடக்கத்தில் வெனிஸில் ஒரு திரைப்படப் படப்பிடிப்பில் ஆல்ஃபிரடா பெஞ்சேக்கு வேலை இருந்தது. வயட் கூடப் போனார். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஜூடெக்கா தீவில், காயலைப் பார்த்த பெரிய பழைய வீட்டில், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு தனியாக இருப்பார். பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஆல்ஃபிரடா ஒரு சின்னக் கீபோர்டு வாங்கிக் கொடுத்தார். சுற்றியிருந்த தண்ணீரைப் போலவே நடுங்கிய அதன் ஒலிதான் ‘சீ ஸாங்’கின் ஆரம்பத்தில் நான் கேட்டது. அதாவது அது காதல் பாட்டாக என் காதில் விழுந்ததில் பிழை ஒன்றும் இல்லை. வேலையில்லாத ஒருவர், காதலி வேலைக்குப் போன வீட்டில் இருந்துகொண்டு போட்ட மெட்டு அது. தட்டு வெளியான 1974 ஜூலை 26 அன்றுதான் அவர்கள் இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள்.

அதற்காக லெஸ்டர் நண்பர் கேட்டது பொய்யாகிவிடாது. மெட்டுகள் வெனிஸில் பிறந்தாலும், டிரம்ஸ் இல்லாத அந்த இடைவெளிகளும் மூச்சும் மருத்துவமனைக்குப் பிறகு வந்தவைதானே. தயாரிப்பாளராக இருந்த பிங்க் ஃபிளாய்டின் நிக் மேசனும் டிரம்ஸ் கலைஞர்தான். இருந்தும் அந்த வெற்றிடங்களை நிரப்ப அவர் முயலவில்லை என்பதைப் பெரிய நாகரிகமாக நினைக்கிறேன். 1973 நவம்பரில் பிங்க் ஃபிளாய்டும் சாஃப்ட் மெஷினும் சேர்ந்து ரெயின்போ அரங்கில் வயட்டுக்காக உதவி நிதி திரட்டிய கச்சேரியையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: கடைசிப் பாடலில் மைக் ஓல்ட்ஃபீல்டின் கிட்டார் அடுக்கடுக்காக ஏறும் இடம் உங்கள் விரல் வித்தைப் பசிக்குத் தீனி போடும். அது அடங்கியதும் ஃபிரெட் ஃப்ரித்தின் வயோலாவும், முள்ளெலியைப் பற்றி ஐவர் கட்லர் என்பவர் கரகரத்த ஸ்காட்லாந்துக் குரலில் உளறுவதும், முடிவில் ஒரு சிரிப்பும் வரும். தூங்காமல் அதுவரை இருங்கள்.

எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பென்சில் ஓவியம் உள்ளதுதான் 1974-இன் மூல உறை. 1998 மறுபதிப்புக்கு ஆல்ஃபிரடாவே வண்ணத்தில் வேறொரு படம் வரைந்து கொடுத்தார். பழைய தட்டாக இருந்தால் வாங்கும் முன் உறையிலிருந்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, ‘அலிஃபிப்’ உள்ள பக்கத்தைப் பாருங்கள். என்னுடையதில் அந்த மூச்சோடு சேர்ந்து ஒரு கீறலும் டிக், டிக் என்று தாளம் போடுகிறது. முதல் ஓரிரு ஆண்டுகள் அதையும் வயட்டே வாசித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.